யார் யாரைப் பார்க்கிறார்?

கண்ணுகளா, முதலில் ஒரு கேள்வி.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும். தலைவர் கிடையாது. விசில் கிடையாது. மைக் கிடையாது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிச் சொல்லவும் ஆள் கிடையாது. முடியுமா?

"எப்படி மாமா முடியும்?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உங்களைவிடப் பெரியவர்களும் பல ஆண்டுகள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடுமலையில் மொட்டை மாடி ஏறித் தெற்கே பார்த்தால் நீலமாய் மலை தெரிகிறதல்லவா? அதுதான் ஆனைமலை. அந்தக் காடுகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. நம் உடுமலை வனச்சரகமும் அமராவதி வனச்சரகமும் அந்தக் காப்பகத்துக்குள்தான் வருகின்றன. அதே காப்பகத்தில், டாப்சிலிப் இருக்கும் உலாந்தி வனச்சரகத்தில், 2022 ஏப்ரலில் வனத்துறையினரும் ஆய்வாளர்களும் இரவில் போய் மின்மினிப் பூச்சிகளைக் கவனித்தார்கள். ஸ்ரீராம் முரளி என்பவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

அவர்கள் பார்த்தது என்ன தெரியுமா? மரம் முழுக்க மின்மினிகள். எண்ணவே முடியாத கூட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் மின்னின. ஒரே நேரத்தில் அணைந்தன. மறுபடி மின்னின. ஒரு மரத்தில் தொடங்கிய ஒளி அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று தொடர் ஓட்டமாய்க் காட்டுக்குள் ஓடியது.

மின்னுவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள். பெண் பூச்சியைக் கூப்பிடத்தான் இந்த வெளிச்சம். சரி, கூப்பிடட்டும். ஆனால் எல்லாரும் ஒன்றாகக் கூப்பிட வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. அதுதான் இன்றைய நம் கதை.

குடம் நிரம்பும் கணக்கு

ஒரு காலத்தில் இப்படி நடக்கிறது என்பதையே பலர் நம்பவில்லை. 1917இல் பிலிப் லாரன்ட் என்ற அமெரிக்கர் ஓர் அறிவியல் இதழில் எழுதினார். பூச்சிகள் சேர்ந்து மின்னுவதாக அவருக்கும் தெரிந்ததாம். ஆனால் அது பூச்சியின் வேலையாக இருக்காது, பார்ப்பவருடைய கண்ணிமை துடிப்பதால் வரும் மயக்கமாக இருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சிரிக்காதீர்கள்! விடை தெரியாதபோது நம் கண்மீதே சந்தேகம் வருவது இயல்புதான்.

1960களின் நடுவில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற கணவன் மனைவி தாய்லாந்துக்குப் போனார்கள். மின்மினிகளைப் பிடித்துப் பைகளில் போட்டு, பாங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குக் கொண்டுவந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பூச்சிகளைத் திறந்து விட்டார்கள். அவை சுவரிலும் கூரையிலும் ஊர்ந்தன. முதலில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மின்னியது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு சேர்ந்து மின்னின. பிறகு மூன்று சேர்ந்தன. அப்புறம் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தன.

கவனித்தீர்களா? கூட்டம் மொத்தமும் ஒரே தாவலில் சேரவில்லை. பக்கத்தில் இருந்தவைதான் முதலில் சேர்ந்தன.

இது எப்படி நடக்கிறது? குழாயடியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. விளிம்பைத் தொட்டதும் வழிகிறது. வழிந்ததும் யாரோ அதைக் கவிழ்த்துவிட்டு மறுபடி குழாயடியில் வைக்கிறார்கள். மறுபடி நிரம்புகிறது. ஒவ்வொரு மின்மினிக்குள்ளும் இப்படி ஒரு குடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழியும் நொடிதான் அது மின்னும் நொடி.

இப்போது இதைக் கேளுங்கள். பக்கத்துப் பூச்சி மின்னுவதைப் பார்த்தால், நம் பூச்சியின் குடத்தில் கூடுதலாக ஒரு செம்புத் தண்ணீர் விழுகிறது. குடம் ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தால், அந்த ஒரு செம்பிலேயே வழிந்துவிடும். அப்போது இரண்டும் சேர்ந்து வழிகின்றன. அடுத்த சுற்று இரண்டும் ஒன்றாகவே தொடங்குகிறது. சேர்ந்தவை சேர்ந்தபடியே இருக்கின்றன. புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

இதயத்தின் செல்கள் எப்படிச் சேர்ந்து துடிக்கின்றன என்று கண்டுபிடிக்க, 1975இல் சார்ல்ஸ் பெஸ்கின் என்ற கணித அறிஞர் ஏறத்தாழ இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டார். 1990இல் ரெனாடோ மிரோல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் அந்தக் கணக்கை முழுசாகத் தீர்த்தார்கள். குடங்கள் எத்தனை இருந்தாலும் சரி. எந்த அளவில் தொடங்கினாலும் சரி. அநேகமாக எப்போதும் கடைசியில் எல்லாம் சேர்ந்தே வழியும் என்று நிரூபித்தார்கள்.

ஆனால் கண்ணுகளா, அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு பூச்சியும் மற்ற எல்லாப் பூச்சிகளையும் பார்க்க வேண்டும்.

காட்டில் அப்படியா இருக்கிறது? இலை மறைக்கும். கிளை மறைக்கும். ஒரு மரத்துப் பூச்சிக்குத் தன் மரத்து ஆட்கள் நன்றாகத் தெரிவார்கள். அடுத்த மரத்து ஆட்கள் கொஞ்சம் தெரிவார்கள். பள்ளத்தாக்கின் அந்தக் கோடியில் இருப்பவர்கள் தெரியவே மாட்டார்கள். உலாந்தியில் ஒளி மரத்துக்கு மரம் தொடர் ஓட்டமாய் ஓடியதே, அதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஆகவே "தலைவர் யார்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "யார் யாரைப் பார்க்கிறார்?" என்று கேட்க வேண்டும்.

ஒரே ஒரு நூல்

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் டங்கன் வாட்ஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். ஸ்ட்ரோகாட்ஸ்தான் அவருடைய ஆசிரியர். வாட்ஸ் எடுத்துக்கொண்டது மின்மினியை அல்ல, மரங்களில் இருந்து கத்தும் ஒருவகைச் சிள்வண்டை. அவையும் சேர்ந்து கத்தக் கூடியவை. எந்தச் சிள்வண்டு எந்தச் சிள்வண்டின் சத்தத்தைக் கேட்கிறது என்று அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே போனவருக்குப் பூச்சி மறந்துபோய்விட்டது. எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும் ஒரு பெரிய கேள்வி கையில் மிஞ்சியது. வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் அதற்கு எழுதிய விடை 1998 ஜூனில் 'நேச்சர்' இதழில் வந்தது.

அந்த விடையை நாமே கண்டுபிடிக்கலாம், வாருங்கள். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரையும் வட்டமாக நிறுத்துங்கள். 1 முதல் 40 வரை எண் கொடுங்கள். ஒவ்வொருவரும் இடப்பக்கத்து ஆளோடும் வலப்பக்கத்து ஆளோடும் மட்டும்தான் பேசலாம். ஆசிரியர் ஒரு தட்டு தட்டினால், சேதி தெரிந்தவர்கள் தங்கள் பக்கத்து ஆட்களிடம் சொல்லலாம். அடுத்த தட்டுக்கு அவர்கள் தங்கள் பக்கத்து ஆட்களிடம் சொல்வார்கள்.

1ஆம் எண்ணுக்கு ஒரு சேதி தெரியும். அது எல்லாருக்கும் போய்ச்சேர எத்தனை தட்டு வேண்டும்?

யோசியுங்கள். சேதி இரண்டு பக்கமும் ஓடும். நேர் எதிரே நிற்பவர் 21ஆம் எண். அவரிடம்தான் கடைசியில் வந்து சேரும். 20 தட்டு! சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்.

இப்போது 1ஆம் எண்ணையும் 21ஆம் எண்ணையும் ஒரு நீள நூலால் இணையுங்கள். நூலின் இரு முனைகளில் இருப்பவர்களும் நேராகப் பேசிக்கொள்ளலாம். மறுபடி தொடங்குவோம். முதல் தட்டிலேயே சேதி எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கிருந்தும் இரு பக்கமும் பரவுகிறது. இப்போது எல்லாரையும் எட்ட 10 தட்டு போதும். 40 பேரில் ஒருவரும் இடம் மாறவில்லை. ஒரே ஒரு நூல்தான் புதிது. நேரம் பாதியாகிவிட்டது!

அவசரப்பட்டுக் குதிக்காதீர்கள். சேதி 11ஆம் எண்ணிடம் தொடங்கினால்? அவருக்கு நேர் எதிரே நிற்பவர் 31. நூல் வழியாகச் சுற்றிப் போனால் 21 தட்டு. வட்டத்தின் ஓரமாகவே போனால் 20. ஆக, அவருக்கு அந்த நூலால் பயனே இல்லை. நூல் இருந்தால் மட்டும் போதாது. அது யாரையும் யாரையும் இணைக்கிறது என்பது முக்கியம்.

11ஐயும் 31ஐயும் இன்னொரு நூலால் இணையுங்கள். இப்போது யாரிடம் தொடங்கினாலும் 11 தட்டுக்குள் சேதி எல்லாரையும் எட்டிவிடும். நம்பிக்கை இல்லையா? வட்டம் வரைந்து எண்ணிப் பாருங்கள். மாமா சொன்னதாலேயே எதையும் நம்ப வேண்டாம்.

வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் கண்டது இதைத்தான். பெரும்பாலும் பக்கத்து ஆட்களோடு மட்டும் இணைந்த கூட்டத்தில் நான்கைந்து குறுக்கு நூல் விழுந்தாலும், மொத்தக் கூட்டமும் நெருங்கிவிடுகிறது. சில நூறு நரம்புச் செல்களே உள்ள ஒரு குட்டிப் புழுவின் நரம்பு மண்டலத்தில் இதைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மின்கம்பி இணைப்புகளில் பார்த்தார்கள். சேர்ந்து நடித்த சினிமா நடிகர்களின் பட்டியலிலும் பார்த்தார்கள். இதற்குச் 'சின்ன உலகம்' என்று பெயர்.

இரண்டு தெரு, இரண்டு விதி

சேதி போய்ச்சேர்வது ஒன்று. எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவது வேறொன்று. இது கொஞ்சம் நுட்பமான இடம். மெதுவாகப் போவோம்.

நீங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுவீர்கள் அல்லவா? பந்து ஒரு முறை தரையில் குத்தி எழும்பிய பிறகு ஒரு கையால் பிடித்தால் அவுட்டா, இல்லையா? சில தெருவில் அவுட். சில தெருவில் இல்லை. மதில் சுவரைத் தாண்டி அடித்தால் சிக்ஸரா? சில தெருவில் அதுவே அவுட்! இந்த விதிகளை எழுதிக் கொடுத்த சங்கம் ஏதும் கிடையாது. ஆனாலும் உங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். அடுத்த தெருப் பையன் ஆட வந்தால்தான் சண்டை வரும்.

ஏன் ஊர் முழுக்க ஒரே விதி வரவில்லை?

2015இல் டேமன் சென்டோலா, ஆண்ட்ரியா பாரோன்கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு விளையாட்டாகவே நடத்திப் பார்த்தார்கள். ஒரு முகத்தின் படத்தை இருவருக்குக் காட்டுவார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்த முகத்துக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றானால் பரிசு. பிறகு வேறு ஜோடி, மறுபடி அதே விளையாட்டு. மொத்தம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுகூட ஆடுபவர்களுக்குத் தெரியாது.

ஒரு குழுவில், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருக்கும் சிலரே திரும்பத் திரும்ப ஜோடியாக வந்தார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து ஆட்கள் சீக்கிரம் ஒத்துப்போனார்கள். ஆனால் இந்த மூலைக்கு ஒரு பெயர், அந்த மூலைக்கு வேறு பெயர் என்று குழு துண்டு துண்டாகப் பிரிந்து நின்றுவிட்டது. இன்னொரு குழுவில், ஒவ்வொரு முறையும் யாரோடு யார் என்பது குலுக்கலில் வந்தது. அங்கே முதலில் ஒரே குழப்பம். பல பெயர்கள் மிதந்தன. பிறகு திடீரென்று ஒரு பெயர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. குழு முழுக்க ஒரே பெயர்!

ஆட்கள் ஒரே மாதிரிதான். விளையாட்டும் ஒன்றேதான். நூல் கட்டிய விதம் மட்டும் வேறு. முடிவும் வேறாகிவிட்டது.

இப்போது உங்கள் தெருவுக்கு வாருங்கள். தினமும் அதே பத்துப் பேர்தான் ஆடுகிறீர்கள். அதனால் உங்கள் விதி உங்களுக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த தெருவுக்கும் அப்படியே. இரண்டு தெருவிலும் ஆடும் ஒரு பையன் இருந்தால், அவன்தான் குறுக்கு நூல். ஆனால் அவன் ஒருவனாகப் போய்ச் சொன்னால் பத்துப் பேரும் மாறிவிட மாட்டார்கள். மூன்று நான்கு பேர் இரு பக்கமும் போய் வந்தால் மாறலாம். ஒரு சேதி பரவ ஒரு நூல் போதும். ஒரு பழக்கம் மாற அகலமான பாலம் வேண்டும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களே பல நேரம் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் போகும் நூல்

இனி நம் ஊர் வாய்க்காலுக்குப் போவோம்.

திருமூர்த்தி அணைக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். அங்கிருந்து போகும் பி.ஏ.பி. வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் என்பதைத்தான் சுருக்கி பி.ஏ.பி. என்கிறோம். இந்தத் திட்டத்தில் பாசனம் பெறும் நிலம் சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. அதனால் நிலத்தை 4 மண்டலமாகப் பிரித்து, முறை வைத்து விடுகிறார்கள். "இந்த வருஷம் எந்த மண்டலத்துக்குத் தண்ணி? எத்தனை சுற்று?" என்று வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இங்கேயும் ஒரு கூட்டம் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. ஆனால் மின்மினிக்கும் விவசாயிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

மின்மினி எல்லாரும் செய்வதையே தானும் செய்ய வேண்டும். வாய்க்காலில் அது ஆகாது! எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீரும் போகாது. பக்கத்துக்காரர் திறந்திருக்கும்போது நான் மூட வேண்டும். நான் திறக்கும்போது அவர் மூட வேண்டும். வேறு வேறாகச் செய்வதும் ஒத்துழைப்புத்தான்.

இப்படிப்பட்ட ஒத்துழைப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கேர்ன்ஸும் அவருடைய குழுவினரும் 38 மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னோடு இணைந்தவர்களின் நிறமும் தன் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது. வட்டமாக இணைத்தபோது, குறுக்கு நூல்கள் சேர்த்ததும் வேலை விரைவாக முடிந்தது. சிலருக்கு மட்டும் ஏராளமான நூல்களைக் கட்டி, மற்றவர்களுக்குக் கொஞ்சமாகக் கட்டியபோது சிரமப்பட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பக்கத்து ஆட்களைத் தாண்டி மற்றவர்களின் நிறத்தையும் காட்டினார்கள். வட்டத்தில் இருந்தவர்களுக்கு அது உதவியது. மற்ற அமைப்பில் அதுவே தொந்தரவாகிவிட்டது. கூடுதல் தகவல் எப்போதும் நல்லது என்று நினைக்கிறோமே, அது எப்போதும் உண்மை இல்லை.

வாய்க்காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் மேலிருந்து கீழேதான் போகும். தலைமடைக்காரர் கூடுதலாக எடுத்தால், கடைமடைக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். வயல் காய்கிறதே! ஆனால் கடைமடைக்காரர் படும் பாடு தலைமடைக்காரருக்குத் தானாகத் தெரியாது. நூல் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. இந்தப் பக்கத்துக் குடம் வழிவது அந்தப் பக்கத்துக் குடத்துக்குத் தெரியவே தெரியாது.

அதனால் திரும்பி வரும் நூலை மனிதர்கள்தான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்திருக்கின்றன. பாசன சபை என்று சொன்னால் வீட்டில் உடனே புரியும். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச அங்கே இடம் கிடைக்கிறது. தண்ணீர் ஏறாத மேட்டுக்குப் பேச்சு ஏறிவிடுகிறது.

களைப்பாக இருக்கிறதா? ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்தது யானைக் கதை.

வால்பாறையின் சிவப்பு விளக்கு

பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போய், 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. எங்கு பார்த்தாலும் தேயிலை. சுற்றிலும் காடு. இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போகும் யானைகள் தோட்டங்களைக் கடந்துதான் போக வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் அதே வழியில்தான் இருக்கின்றன.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் நண்பர்களும் 2002 முதல் அங்கே யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். யானையால் மனிதர்கள் உயிரிழந்த சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு பொதுவான காரணம் இருந்தது. யானை பக்கத்தில் நிற்கிறது என்பது இறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் நடந்திருக்கிறார்கள். எதிரே யானை!

இப்போது யோசியுங்கள். அந்த யானையை அன்று யாருமே பார்க்கவில்லையா? பெரும்பாலும் யாராவது பார்த்திருப்பார்கள். மேல்தோட்டத்தில் மாலையிலேயே பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்தவருக்கும் நடந்து வந்தவருக்கும் நடுவில் நூல் இல்லை.

அந்த நூலைத்தான் இந்தக் குழுவினர் கட்டினார்கள். யானையைப் பார்த்தவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள். குழுவினரும் யானைகளின் நடமாட்டத்தைக் கவனிப்பார்கள். சேதி மூன்று வழியாகத் திரும்பிப் போகும். உள்ளூர் கேபிள் டிவியில் படத்துக்கு அடியில் எழுத்தாக ஓடும். அந்தப் பகுதியில் வாழ்பவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. உயரமான இடங்களில் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை வைத்தார்கள். யானை அருகில் இருந்தால் அது மின்னும். அதைக் கைப்பேசி வழியாக எரியவைக்கும் பொறுப்பு அந்தந்த இடத்து மக்களில் சிலரிடமே இருக்கிறது. இந்தப் பணிக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

ஏன் மூன்று வழி? ஒன்று போதாதா?

டிவி பார்ப்பவர் வீட்டில் இருப்பவர். பேருந்தில் வருபவருக்கு அது தெரியாது. அவருக்குக் குறுஞ்செய்தி. கைப்பேசி இல்லாத பாட்டிக்கும், சிக்னல் கிடைக்காத இடத்தில் நிற்பவருக்கும் சிவப்பு விளக்கு. ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று இருக்கிறது. எல்லா நூலையும் ஒரே ஆளின் கையில் கட்டினால், அவர் தூங்கிவிட்ட இரவில் ஊரே இருட்டில் நிற்கும். அதனால்தான் விளக்கின் பொறுப்பு உள்ளூர்க்காரர்களின் கையில்.

நம்பிக்கையும் இதில் இருக்கிறது. எங்கோ இருந்து வரும் செய்தியைச் சிலர் அலட்சியம் செய்வார்கள். குறுஞ்செய்தியும் சொல்கிறது, விளக்கும் மின்னுகிறது, பக்கத்து வீட்டு அக்காவும் "போகாதே சாமி, யானை நிக்குது" என்கிறார் என்றால் கால் தானாக நின்றுவிடும். பழக்கம் மாற அகலமான பாலம் வேண்டும் என்றேனே, இதுதான் அது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நூலுக்கு நல்லது கெட்டது தெரியாது. உண்மையைக் கொண்டுபோகும் அதே நூல் பொய்யையும் அதே வேகத்தில் கொண்டுபோகும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சேதியை நீங்கள் குறுக்கு நூலில் தள்ளிவிட்டால், திரும்ப இழுக்க முடியாது. "இதை யார் கண்ணால் பார்த்தார்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பிறகு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் வகுப்பில் ஒரு சோதனை

இனி உங்கள் முறை. ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

20 பேர் வட்டமாக உட்காருங்கள். கரும்பலகையில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு விலங்கை வரையுங்கள். யானையின் காது, மயிலின் வால், எது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பெயர் வைத்துத் துண்டுத் தாளில் எழுதுங்கள். யாருக்கும் காட்டக் கூடாது.

முதல் ஆட்டம். ஒரு சுற்றில், ஒருவர் விட்டு ஒருவர் தம் வலப்பக்கத்து ஆளோடு ஜோடி. அடுத்த சுற்றில் அவர்களே தம் இடப்பக்கத்து ஆளோடு. இப்படி மாறி மாறி. ஜோடியில் இருவரும் தாளை ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் ஜோடிக்கு ஒரு புள்ளி. வேறாக இருந்தால், அடுத்த சுற்றுக்கு முன் அவரவர் விருப்பப்படி பெயரை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். 15 சுற்று ஆடுங்கள். முடிவில் எல்லார் பெயரையும் வட்டத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது ஆட்டம். புது விலங்கு, புதுப் பெயர்கள். இந்த முறை ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுக் குலுக்கி ஜோடி சேருங்கள். இதுவும் 15 சுற்று.

மூன்றாவது ஆட்டம். மறுபடி வட்டம்தான். ஆனால் நான்கு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று சுற்றுக்கு ஒரு முறை எதிர்ப்பக்கத்து ஆளோடு ஜோடி சேர விடுங்கள். அந்தச் சுற்றில் ஜோடி இல்லாமல் மிஞ்சுபவர்கள் சும்மா இருக்கட்டும்.

ஆடத் தொடங்கும் முன்பே உங்கள் ஊகத்தை எழுதிவிடுங்கள். எந்த ஆட்டத்தில் கடைசியில் மிகக் குறைவான பெயர்கள் மிஞ்சும்? முதல் ஆட்டத்தில் ஒரு பெயர் முடிந்து இன்னொரு பெயர் தொடங்கும் எல்லை எங்கே விழும்? நான்கு குறுக்கு நூல்கள் போதுமா, இன்னும் வேண்டுமா?

20 பேர் சின்னக் கூட்டம்தான். ஆகவே மாமா சொன்னபடியே வராமலும் போகலாம். வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். அங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. யார் பெயரை மாற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தார்? யாருடைய பெயரை எல்லாரும் சட்டென்று எடுத்துக்கொண்டார்கள்? தேர்ந்தெடுத்த நான்கு பேருக்குப் பதிலாக வேறு நான்கு பேரை வைத்தால் என்ன ஆகும்? நூலை மாற்றிக் கட்டுங்கள். மறுபடி ஆடுங்கள். மறுபடி எண்ணுங்கள். கார்னெலில் வாட்ஸ் கணினியில் செய்ததும் இதைத்தான். உங்களுக்குத் தாளும் பேனாவும் 20 நண்பர்களும் இருந்தால் போதும், கண்ணுகளா.